பளியர்களைப் பற்றி இத்தனை ஆய்வுகள்... செண்பகத்தோப்புக்கு என்ன கிடைத்தது?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டு: ஆண்டாள் கோயில் கோபுரம், பால்கோவா. உள்ளூர் இளைஞர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றையும் சொல்வார்கள்: செண்பகத்தோப்பு. ஊரிலிருந்து மேற்கே சுமார் 8 கி.மீ. மாந்தோப்பும் தென்னந்தோப்பும் தாண்டினால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். மீன்வெட்டிப் பாறை, காட்டழகர் கோயில், ஓடை என்று ரீல்ஸ் போட எல்லாமே இருக்கு.

அந்த ரீல்ஸ்ல பெரும்பாலும் வராத ஒன்றும் அங்கே இருக்கு. அதுதான் பளியர் குடியிருப்பு.

இன்னொரு விஷயம் தெரியுமா? சுற்றுலாப் பயணிகள் கவனிக்காத பளியர்களை ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கவனித்து வருகிறார்கள். அவர்கள் சாப்பிடும் கிழங்கு, பயன்படுத்தும் மூலிகை, சண்டை போடாத குணம் என எல்லாவற்றைப் பற்றியும் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால், ஆய்வு செய்யப்பட்டவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது? இதே கேள்வியை ஆப்பிரிக்கப் பழங்குடிகள் ஏற்கெனவே உரக்கக் கேட்டுவிட்டார்கள். அங்கே கிடைத்த பதில் செண்பகத்தோப்புக்கும் உதவும். எப்படி? பார்ப்போம்.

யார் இந்தப் பளியர்கள்?

பழனி மலையிலிருந்து வருசநாடு, மேகமலை வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலைகள் வரை பரவி வாழும் பழங்குடியினர். தமிழின் ஒரு வழக்கைப் பேசுபவர்கள். அரசின் பட்டியல் பழங்குடியினர் வரிசையில் 'பள்ளேயன், பள்ளியன், பள்ளியர்' என்ற பெயர்களில் இடம்பெற்றிருக்கிறார்கள்.

இவர்களின் வாழ்க்கை தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு பிணைந்தது. தேன் எடுப்பது, கிழங்கு தோண்டுவது, கடுக்காய், நெல்லி போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிப்பது ஆகியவை முக்கியமான தொழில்கள். காட்டில் வேலை இல்லாத நாட்களில் அடிவாரத் தோப்புகளில் கூலி வேலை.

1960-களின் தொடக்கத்தில் தென் தமிழக மலைகளுக்கு வந்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பளியர்களுடன் தங்கி ஆய்வு செய்தார். அவரை வியக்க வைத்தது அவர்களின் அமைதி. போட்டி போடுவது பிடிக்காது. அடுத்தவரை அதட்டுவது பிடிக்காது. பிரச்சனை வந்தால் மோதாமல் விலகிப் போய்விடுவார்கள். சிறு பிள்ளையைக்கூட மரியாதைக் குறைவாக நடத்தக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத விதி. வன்முறை இல்லாத சமூகங்கள் பற்றி உலகில் எங்கே பேச்சு எழுந்தாலும், பளியர்கள் பெயர் அதில் வருவதற்கு அவருடைய எழுத்து முக்கியக் காரணம்.

இந்த 'விலகிப் போகும்' குணத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. பிறகு தேவைப்படும்.

கிழங்கில் இருக்கும் சயின்ஸ்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைகளில் தாவரவியல் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. பளியர்கள் உண்ணும் காட்டு உணவுகள் பற்றி அரிநாதன், மோகன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 2007-ல் இந்தியப் பாரம்பரிய அறிவுக்கான ஆய்விதழில் வெளியானது. கீரை, பழம், கிழங்கு, விதை என்று நம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காத ஒரு பெரிய மெனுவே இவர்களிடம் இருக்கிறது.

அதில் முக்கியமானவை காட்டு வள்ளிக்கிழங்கு வகைகள். இவற்றில் சிலவற்றை அப்படியே சாப்பிட்டால் தொண்டை அரிக்கும். சில வகைகளில் நச்சுப்பொருளும் உண்டு. எதை வேகவைக்க வேண்டும், எதை எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்பது அனுபவ அறிவு. பூனைக்காலி விதையும் அப்படித்தான். பார்க்கின்சன் நோய்க்கான மருந்தாகப் பயன்படும் எல்-டோபா என்ற வேதிப்பொருள் அதில் அதிகம். சாதாரணமாகச் சாப்பிட்டால் வாந்தி, மயக்கம் வரலாம். பழங்குடி மக்கள் அதைத் திரும்பத் திரும்ப வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆய்வகத்தில் சோதித்தபோது, இந்த முறை அந்த வேதிப்பொருளைக் குறைக்கிறது என்று தெரியவந்தது.

மொத்தத்தில், லேப் பின்னாடிதான் வந்து சரிபார்த்தது. கண்டுபிடித்தவர்கள் காட்டில் இருப்பவர்கள்.

உடல்நலம்: 8 கி.மீ. என்பது எவ்வளவு தூரம்?

பைக்கில் போனால் கால் மணி நேரம். ஆனால் பிரசவ வலி எடுத்தவருக்கோ, இரவில் பாம்பு கடித்தவருக்கோ அந்தக் கணக்கு பொருந்தாது. 108-ஐ அழைக்க முதலில் போனில் சிக்னல் வேண்டும். வண்டி வர சாலை வேண்டும். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் மலையடிவாரப் பாதைகள் துண்டிக்கப்படும். மலை கிராமங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பிரச்சனை இது.

இதனால்தான் மத்திய அரசின் விதிமுறையே வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு. மலைப் பகுதியில் 3,000 பேருக்கு.

ஆனால் சிக்கல் எங்கே? செண்பகத்தோப்பு போன்ற ஒரு குடியிருப்பில் இருப்பது சிறு எண்ணிக்கையிலான குடும்பங்கள்தான். 3,000 என்ற கணக்குக்குள்ளேயே அது வராது. அதனால் 'ஆஸ்பத்திரி கட்டுவது' இதற்குத் தீர்வு ஆகாது. நடமாடும் மருத்துவக் குழு, வீடு தேடி வரும் மாத்திரை, அந்த ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒரு சுகாதாரப் பணியாளர்... இவைதான் நடைமுறைத் தீர்வு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் அடிப்படை ஐடியாவும் இதுதான்.

பழங்குடியினர் உடல்நலம் குறித்து டாக்டர் அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018-ல் அறிக்கை அளித்தது. பழங்குடியினர் மீது மூன்று சுமைகள் ஒரே நேரத்தில் இருப்பதாக அது சொல்கிறது. முதலாவது, காசநோய், மலேரியா போன்ற தொற்றுகளும் ஊட்டச்சத்துக் குறைபாடும். இரண்டாவது, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற 'நகர' நோய்கள். மூன்றாவது, மனநலப் பிரச்சனையும் போதைப் பழக்கமும்.

சர்க்கரை எப்படி மலைக்கு வந்தது என்று கேட்கலாம். தட்டு மாறியதைப் பார்த்தால் புரியும். கிழங்கும் கீரையும் தேனும் இருந்த இடத்தில் ரேஷன் அரிசி வந்தது. பட்டினியை அது விரட்டியது, உண்மை. ஆனால் பல வகை உணவு இருந்த இடத்தில் ஒரே உணவு வந்து உட்கார்ந்துகொண்டது.

படிப்பு: பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினர் மத்தியில் அது 54 சதவீதம்தான். அதாவது 26 புள்ளி இடைவெளி.

கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி தொடக்கப் பள்ளி 1 கி.மீ. தூரத்துக்குள்ளும், 6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பள்ளி 3 கி.மீ. தூரத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முடியாத இடங்களில் போக்குவரத்து அல்லது தங்கும் வசதி செய்து தர வேண்டும். மலையடிவாரக் குழந்தைகளுக்கு 5-ம் வகுப்பைத் தாண்டுவதுதான் முதல் தடை. யானை நடமாடும் பாதையில் பிள்ளையைத் தனியாக அனுப்ப எந்தப் பெற்றோருக்குத்தான் மனசு வரும்?

இரண்டாவது தடை சீசன். தேன், நெல்லி, மாங்காய் அறுவடை என்று குடும்பம் வேலைக்குக் கிளம்பும்போது பிள்ளைகளும் கூடவே போவார்கள். பள்ளி காலண்டருக்கும் காட்டு காலண்டருக்கும் ஒத்துப்போவதில்லை.

மூன்றாவது தடைதான் கார்ட்னர் சொன்ன அந்த 'விலகிப் போகும்' குணத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. அதட்டல், தண்டனை, ரேங்க், 'அவனைப் பார், நீ ஏன் இப்படி?' என்ற ஒப்பீடு... நம் வகுப்பறைகளில் இதெல்லாம் சகஜம். அதட்டலே இல்லாமல் வளர்ந்த ஒரு குழந்தை அங்கே எதிர்த்து நிற்காது. மறுநாள் வராது, அவ்வளவுதான். நாம் அதை 'இடைநிற்றல்' என்று ரெஜிஸ்டரில் எழுதுகிறோம்.

நான்காவது, சாதிச் சான்றிதழ். பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர முடியும். பெற்றோரிடம் பழைய ஆவணம் எதுவும் இல்லை என்றால் விசாரணை, அலைச்சல் என நீளும். அது இல்லாமல் உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை.

மழை மாறினால் தேன் மாறும்

பருவநிலை மாற்றம் என்றால் நகரவாசிகளுக்கு ஏசி பில். பளியர்களுக்கு அது நேரடியாக வருமானம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கச் சரிவு வாங்கிக்கொள்ள, இந்தப் பக்கம் பெரிதும் நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையை. மழை பொய்த்தால் பூ குறையும். பூ குறைந்தால் மலைத்தேனீ வேறு இடம் தேடும். பூக்கும் நேரத்தில் திடீர் மழை கொட்டினாலும் பூவில் இருக்கும் தேன் கழுவப்பட்டுவிடும். கிழங்குக் கொடிகளின் வளர்ச்சியும் மழையைப் பொறுத்ததே.

இன்னொரு பக்கம் திடீர் வெள்ளம். 2015 மே மாதம் இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி பக்தர்கள் உயிரிழந்தனர். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. காய்ந்த காட்டில் தீ பரவினால் என்ன ஆகும் என்பதை 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் பார்த்தோம். மலையேற்றம் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

இந்த ஆபத்துகளை முதலில் சந்திப்பவர்கள் காட்டுக்குள் இருப்பவர்கள். எந்த ஓடை எப்போது பொங்கும், எந்தச் சரிவில் தீ வேகமாக ஏறும் என்ற அறிவும் அவர்களிடம்தான் இருக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கா மலையில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. உண்ணிச்செடி காட்டை எப்படி ஆக்கிரமித்தது என்பதைச் சோளகர் பழங்குடியினர் தங்கள் நினைவிலிருந்து விளக்கினார்கள். 'ஏட்ரீ' ஆய்வு நிறுவனம் அவர்களோடு சேர்ந்து அதைப் பதிவு செய்தது. அங்கே பழங்குடியினர் தகவல் சொல்பவர்களாக மட்டும் இல்லை. ஆய்வின் பங்காளிகளாக இருந்தார்கள்.

காடு யாருக்கு? சட்டம் என்ன சொல்கிறது?

செண்பகத்தோப்பு இருக்கும் பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து சுமார் 1,016 சதுர கி.மீ. பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. தமிழகத்தின் 5-வது புலிகள் காப்பகம் இது.

அணிலும் புலியும் காப்பாற்றப்பட வேண்டியவை. அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பாதுகாப்பு ஒவ்வொரு படி இறுகும்போதும் பளியர்களின் வேலை ஒரு படி சுருங்கும் அபாயம் இருக்கிறது. இங்குதான் 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வருகிறது. அதன் முக்கிய அம்சங்கள்:

• சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

• தேன், கிழங்கு போன்ற சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை உண்டு.

• பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்காக, கிராம சபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்கலாம்.

• உரிமைகளை அங்கீகரித்து முடிக்காமல், மக்களின் சம்மதம் இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாது.

மூன்றாவது பாயின்ட்டை இன்னொரு முறை படியுங்கள். 'வன நிலம், அதனால் ரோடு போட முடியாது' என்ற பதிலுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

அப்புறம் ஏன் தாமதம்? தமிழகத்தில் 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது பல வருஷம் முடங்கியது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நாட்டின் பிற மாநிலங்கள் ஓடத் தொடங்கி எட்டு வருஷம் கழித்துத்தான் தமிழகப் பழங்குடியினர் ஸ்டார்ட்டிங் லைனுக்கே வந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழகத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் மட்டுமே 'மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடியினர்' பட்டியலில் உள்ளன. பளியர்கள் அதில் இல்லை. அதனால் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட 24,000 கோடி ரூபாய் 'பிஎம் ஜன்மன்' திட்டத்தின் கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. 2024-ல் வந்த மத்திய அரசின் 'தர்தி ஆபா' திட்டமும், தமிழக அரசு 1,000 கோடி ரூபாயில் அறிவித்த 'தொல்குடி' திட்டமும்தான் இப்போதைக்கு இவர்கள் தட்டக்கூடிய கதவுகள்.

ஆப்பிரிக்காவில் என்ன நடந்தது?

கென்யாவின் மாவ் காட்டில் வாழும் ஓகியெக் மக்களும் தேன் எடுப்பவர்கள்தான். காட்டைக் காக்க வேண்டும் என்று சொல்லி 2009-ல் அவர்களுக்கு வெளியேற்ற நோட்டீஸ் வந்தது. வழக்கு ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 'காடு அழிந்ததற்கு ஓகியெக் மக்கள் முக்கியக் காரணம் இல்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டி அவர்களை வெளியேற்றியது தவறு' என்று 2017 மே 26-ல் தீர்ப்பு வந்தது. 2022-ல் சுமார் 15.8 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 2023 நவம்பரில் மீண்டும் வெளியேற்றம் நடந்தது. தீர்ப்பு மட்டும் போதாது என்பதற்கும் இதுவே உதாரணம்.

தான்சானியாவின் ஹட்சா மக்கள் உலகில் அதிகம் ஆய்வு செய்யப்பட்ட சமூகங்களில் ஒன்று. அவர்கள் குடலில் வாழும் நுண்ணுயிர்கள், தூக்கம், ஒரு நாளில் எரிக்கும் கலோரி என எல்லாமே ஆய்வுக் கட்டுரைகள் ஆகியிருக்கின்றன. ஜிம்மில் கலோரி எண்ணும் நமக்கு அந்த ஆய்வுகள் பயன்பட்டன.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் பசியை அடக்க மெல்லும் ஹூடியா என்ற செடியை வைத்து, அவர்களைக் கேட்காமலேயே ஓர் அரசு ஆய்வு நிறுவனம் காப்புரிமை வாங்கியது. போராடிய பிறகுதான் 2003-ல் லாபப் பகிர்வு ஒப்பந்தம் வந்தது. 2010-ல் சான் முதியவர்களின் மரபணு விவரங்கள் வெளியானபோதும் மனவருத்தம். இதற்கெல்லாம் பிறகு 2017-ல் சான் மக்களே ஆய்வாளர்களுக்கு ஒரு நடத்தை விதி எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை ஆகியவையே அதன் அடிப்படை. ஆய்வுக்கு முன் எங்களிடம் பேசுங்கள், முடிந்த பின் முடிவை எங்களிடம் திரும்பக் கொண்டுவாருங்கள், பலனில் பங்கு கொடுங்கள். சாராம்சம் இதுதான்.

நம்மிடம் முன்னுதாரணம் இல்லையா?

இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. 1987-ல் அகத்தியமலைப் பகுதியில் விஞ்ஞானிகளுடன் வழிகாட்டிகளாக நடந்த காணி பழங்குடியினர், களைப்பே இல்லாமல் ஏறினார்கள். அவர்கள் மென்ற காயைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் 'ஆரோக்கியபச்சை'. அதிலிருந்து உருவான 'ஜீவனி' மருந்தின் உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களின் அறக்கட்டளைக்குப் போனது. பிற்பாடு அந்தச் செடியைச் சேகரிப்பதில் வனத்துறையுடன் சிக்கல் வந்தது, உற்பத்தியும் தொடரவில்லை. முழு வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் 'அறிவு கொடுத்தவருக்குப் பங்கு' என்பதை உலகுக்கே முதலில் செய்து காட்டியவற்றில் இதுவும் ஒன்று. 2002-ல் வந்த உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் இதை விதியாகவே ஆக்கியது.

சரி, அடுத்து என்ன?

விருதுநகர், மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் உள்ள மாவட்டம். உடல்நலம், கல்வி, தண்ணீர் என எல்லாவற்றுக்கும் மாவட்ட அளவில் மதிப்பெண் உண்டு. ஆனால் 19.4 லட்சம் பேர் கொண்ட மாவட்டத்தின் சராசரியில் ஒரு மலையடிவாரக் குடியிருப்பு கரைந்து போய்விடும். மாவட்டம் 90 மார்க் வாங்கினாலும் செண்பகத்தோப்பு ஃபெயில் ஆகலாம், யாருக்கும் தெரியாது.

எனவே முதல் தேவை, குடியிருப்பு வாரியான கணக்கு. எத்தனை குழந்தைகள் 6-ம் வகுப்பில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் 10-ம் வகுப்பை எட்டினார்கள், எத்தனை கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை, எத்தனை குடும்பங்களுக்கு வன உரிமை, எத்தனை பேர் கையில் சாதிச் சான்றிதழ். இத்தனை சிறிய ஊரில் இதை ஒரு வாரத்தில் எடுத்துவிட முடியும்.

இரண்டாவது, ஆய்வுக்கு வரும் மாணவரும் பேராசிரியரும் முடிவைத் தமிழில் ஒரு பக்கமாவது எழுதி, அதே ஊரில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

மூன்றாவது நமக்கானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்பு போகிறவர்கள் வனத்துறை அனுமதித்த இடத்தோடு நில்லுங்கள். பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள். அங்கே இருப்பவர்களை, அவர்களைக் கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள். சான் மக்கள் ஆய்வாளர்களிடம் கேட்டதும் இந்த மரியாதையைத்தான்.